கோதம் பவுல்: இரண்டே ஆட்டங்களில் முடிந்துபோன நியூயார்க் போட்டி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1961இல் ஒரு ஆட்டம், 1962இல் ஒரு ஆட்டம். கோதம் பவுலின் மொத்த வரலாறும் அவ்வளவுதான். இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு வரியைக் கேள்விப்பட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்: கடுங்குளிர், காலி ஸ்டேடியம். இரண்டும் நிஜம். ஆனால் முழுப் பழியையும் குளிரின் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

இங்கே கால்பந்து என்றால் எந்தக் கால்பந்து?

அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கிற டச்டவுன். மெஸ்ஸி ஆடுகிற ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பவுல் ஆட்டம் என்பது என்ன?

கல்லூரி அணிகளின் சீசன் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு நகரம், நன்றாக ஆடிய இரண்டு அணிகளை அழைத்து ஒரே ஒரு ஆட்டம் நடத்தும். அதுதான் பவுல். ஊர்த் திருவிழாவுக்குக் கமிட்டி போட்டு, பணம் திரட்டி, வெளியூர்க் கச்சேரிக் குழுவுக்கு அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வருவார்களே, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். அணிகளின் பயணச் செலவும் பங்குத் தொகையும் நடத்துகிறவர்கள் பொறுப்பு. டிக்கெட் விற்றால் லாபம், விற்காவிட்டால் கையைக் கடிக்கும்.

இதைத் தொடங்கி வைத்தது கலிபோர்னியாவின் பாசடீனா நகரம். ரோஜாத் திருவிழாவின் பகுதியாக 1902இல் அங்கே ஒரு ஆட்டம் நடந்தது. அதுதான் பின்னாளில் ரோஸ் பவுல் ஆனது. 1930களில் மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், டல்லஸில் காட்டன் பவுல் என்று வரிசையாக வந்தன. ஊர்களைக் கவனியுங்கள், எல்லாமே குளிர்காலத்திலும் வெயில் அடிக்கிற பக்கம். வடக்கே பனியில் நடுங்குகிறவர்களைச் சுற்றுலாவுக்கு இழுப்பதுதான் உள்நோக்கம். ஆட்டம் அதற்கு ஒரு சாக்கு.

கோதம் என்ற பெயர் பேட்மேனிலிருந்து வந்ததா?

இல்லை. நியூயார்க்குக்கு அந்தச் செல்லப்பெயரை 1807இலேயே வாஷிங்டன் இர்விங் என்ற எழுத்தாளர் சூட்டிவிட்டார். பேட்மேனும் அங்கிருந்துதான் கடன் வாங்கினார்.

டிசம்பரில் நியூயார்க்கில் திறந்தவெளியில் ஆட்டமா? எந்த தைரியத்தில்?

பக்கத்து ஊரைப் பார்த்துத்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. 1959இல் பிலடெல்பியாவில் லிபர்ட்டி பவுல் தொடங்கியது. அதுவும் வடகிழக்கு, அதுவும் டிசம்பர், அதுவும் கூரையில்லாத ஸ்டேடியம். பிலடெல்பியாவால் முடியும் என்றால் நாட்டிலேயே பெரிய நகரத்தால் முடியாதா?

காகிதத்தில் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எழுபது எண்பது லட்சம் மக்கள் வாழும் ஊர், பெரிய ஸ்டேடியங்கள், தொலைக்காட்சி நிறுவனங்களின் தலைமையகங்கள், போதாக்குறைக்குக் கிறிஸ்துமஸ் காலம். கணக்கில் ஒரே ஒரு ஓட்டை: ஆடப்போகும் இரண்டு அணிகளில் ஒன்றையாவது "நம்ம டீம்" என்று சொல்ல அந்த ஊரில் ஆள் இருக்கிறார்களா என்பதை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

முதல் ஆட்டம் 1960இல் நடந்ததாகச் சிலர் சொல்கிறார்களே?

1960இல் நடத்தத்தான் திட்டம். ஆரகன் ஸ்டேட் அணியைப் பிடித்துவிட்டார்கள். எதிர்த்து ஆட இன்னொரு அணி கிடைக்கவில்லை. ஆட்டம் ரத்து.

கல்யாணத்துக்கு முன்பே சகுனம் சரியில்லை என்று அப்போதே யாராவது சொல்லியிருப்பார்கள். ஆரகன் ஸ்டேட் இந்தக் கதையில் இன்னொரு முறை தலை காட்டும், கொஞ்சம் பொறுங்கள்.

1961 ஆட்டத்தில் யார் யார் ஆடினார்கள்?

டெக்சாஸின் பெய்லர், யூட்டா மாநிலத்தின் யூட்டா ஸ்டேட். டிசம்பர் 9, 1961, மன்ஹாட்டனின் வடபகுதியில் இருந்த போலோ கிரவுண்ட்ஸ் ஸ்டேடியம். பெய்லர் 24–9 என்று வென்றது.

முடிவு கொஞ்சம் அதிர்ச்சிதான். யூட்டா ஸ்டேட் அந்த சீசனில் தோற்கவே இல்லை. ஒன்பது வெற்றி, ஒரு டிரா, தேசியத் தரவரிசையில் 10ஆம் இடம். அவர்களுடைய தற்காப்பு வரிசையில் நின்றவர் மெர்லின் ஓல்சன். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த முன்வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் விருது அவருக்குத்தான். பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் ஆடி, தொழில்முறைக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்து, அப்புறம் தொலைக்காட்சி நடிகராகவும் ஆனார். பெய்லரோ ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி என்று சரிபாதியாக வந்த அணி. ஆனால் அவர்களிடம் ரானி புல் இருந்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் கெட்டிக்காரர். அடுத்த ஆண்டே சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்து, லீகின் சிறந்த புதுமுகம் என்ற பெயரும் வாங்கினார்.

வந்தவர்கள் 15,123 பேர். போலோ கிரவுண்ட்ஸில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஏறக்குறைய முக்கால் பங்கு காலி.

அத்தனை பேர்தான் வந்தார்கள் என்றால் அடுத்த ஆண்டு ஏன் மறுபடி நடத்தினார்கள்?

முதல் ஆண்டு நஷ்டத்தை எந்த ஏற்பாட்டாளரும் முதலீடு என்றுதான் சொல்லிக்கொள்வார். இரண்டாவது ஆண்டு இன்னும் பெரிய இடத்துக்கே போனார்கள், யாங்கி ஸ்டேடியத்துக்கு. கிட்டத்தட்ட 67,000 இருக்கைகள்.

நெப்ராஸ்கா அணியின் விமானம் கிளம்ப மறுத்த கதை உண்மையா?

உண்மை. கோதம் பவுலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1962இல் அழைக்கப்பட்டவை நெப்ராஸ்காவும் புளோரிடாவின் மயாமியும். பவுலின் நிதிநிலை பற்றி நெப்ராஸ்கா தரப்புக்கு நல்ல சந்தேகம் இருந்தது. முந்தைய ஆண்டு வசூல் ஊருக்கே தெரியும். ஆகவே செலவுத் தொகைக்கான செக் வந்து, அது பாஸ் ஆகும் என்று உறுதியாகும் வரை அணியை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீரர்கள் சொந்த ஊரான லிங்கன் நகரத்திலேயே காத்திருந்தார்கள். பணம் உறுதியான பிறகுதான் விமானம் கிளம்பியது.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு நெப்ராஸ்கா நிர்வாகத்தின் மேல் மரியாதைதான் வருகிறது. அறுபது எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் பறந்து போய், ஹோட்டல் பில்லுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆட்டம் நடந்த நாள் எப்படி இருந்தது?

டிசம்பர் 15, 1962, சனிக்கிழமை. வெப்பநிலை 14 டிகிரி பாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் மைனஸ் 10. தரை உறைந்து கல்லாகிவிட்டது. விழுந்தால் புல்லில் விழுந்த மாதிரி இருக்காது.

டிக்கெட் கணக்கின்படி 6,166 பேர். குளிரைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கியவர்களிலும் பலர் வரவில்லை என்பதால் உள்ளே இருந்த தலைகள் அதைவிடக் குறைவு. கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டாலும் பத்து இருக்கைக்கு ஒருவர்கூட இல்லை.

நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் பாப் டெவனி, உடைமாற்றும் அறையில் வீரர்களிடம், இது சந்துக்குள் நடக்கிற சண்டை மாதிரி, பார்க்க ஆளிருக்காது, ஆனால் முரட்டு ஆள்தான் ஜெயிப்பான் என்ற பொருளில் பேசினார் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை.

ஆட்டமாவது நன்றாக இருந்ததா?

அபாரமாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நெப்ராஸ்கா 36, மயாமி 34. பாதி ஆட்டத்தில் 20–20 என்று சமம். இடைவேளை முடிந்ததும் மயாமி முந்தியது. அப்புறம் நெப்ராஸ்கா அதே கால்பகுதியில் 16 புள்ளிகள் சேர்த்து 36–27 என்று போய்விட்டது. கடைசிக் கால்பகுதியில் மயாமி ஒரு டச்டவுனைத் திருப்பி அடித்து வித்தியாசத்தை இரண்டுக்குக் கொண்டுவந்தது.

மயாமியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ஜார்ஜ் மீரா. புளோரிடாவின் தென்கோடியில், பனி என்றால் என்னவென்றே தெரியாத கீ வெஸ்ட் தீவில் வளர்ந்தவர். விரல் மரத்துப்போகிற அந்தக் குளிரில் 46 முறை எறிந்து, 24 முறை சரியாகச் சேர்த்து, 321 யார்டு எடுத்தார். 1962இல் ஒரு கல்லூரிப் பையன் ஒரே ஆட்டத்தில் 321 யார்டு எறிவது மிகப் பெரிய விஷயம். அன்றைய அணிகள் பெரும்பாலும் பந்தைச் சுமந்து ஓடியே ஆடின. தோற்ற அணியில் இருந்தும் ஆட்ட நாயகன் அவர்தான்.

நெப்ராஸ்கா பக்கம் வில்லி ராஸ், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 92 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். கடைசி நிமிடங்களில் மீரா மறுபடி அணியை முன்னே நகர்த்திக்கொண்டு வந்தபோது, அவர் எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தவர் பாப் பிரவுன். அவர் வேகமாக ஓடித் திரியும் பின்வரிசை ஆள் கிடையாது. மலை மாதிரி உடம்பு, முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுகிற வேலை. அந்தக் காலத்தில் பலரும் இரண்டு பக்கமும் ஆடினார்கள் என்பதால் தற்காப்பிலும் அவர் இருந்தார். ஆட்டம் அவர் கையில் முடிந்தது. 2004இல் அவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார்.

குளிரால்தானே கூட்டம் வரவில்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே.

சரியாகப் பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 30, 1962. அதே யாங்கி ஸ்டேடியம். கிட்டத்தட்ட அதே குளிர், கூடவே ஆளைத் தள்ளுகிற காற்று. தொழில்முறை லீகின் இறுதி ஆட்டம், நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் கிரீன் பே பேக்கர்ஸுக்கும். வந்த கூட்டம் 64,892. சொந்த ஊர் ஆட்டங்களை உள்ளூர் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்ததால், டிக்கெட் கிடைக்காத ரசிகர்கள் காரை எடுத்துக்கொண்டு வெளியூர் மோட்டல்களுக்குப் போய் அங்கே அறை எடுத்துப் பார்த்தார்கள்.

அதே ஊர், அதே மாதம், அதே இருக்கைகள், அதே குளிர். ஒரு நாள் ஆறாயிரம், இன்னொரு நாள் அறுபத்து நாலாயிரம். குளிர் மட்டுமே காரணம் என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

ஜயன்ட்ஸ் நியூயார்க்கின் அணி. நெப்ராஸ்காவும் மயாமியும் யாருடைய அணி? ஸ்டேடியம் இருக்கும் பிராங்க்ஸ் பகுதியில் வாழும் ஒரு மனிதர் எதற்காகச் சனிக்கிழமை மதியம் வீட்டு ஹீட்டரை விட்டுவிட்டு அவர்களைப் பார்க்க வர வேண்டும்?

நியூயார்க்கில் கல்லூரிக் கால்பந்துக்கே ரசிகர்கள் இல்லையா?

ஒரு காலத்தில் ஏராளம். போர்டம், நியூயார்க் பல்கலைக்கழகம், கொலம்பியா மூன்றும் உள்ளூர் அணிகள். ராணுவக் கல்லூரியும் நோட்டர் டேமும் யாங்கி ஸ்டேடியத்தில் மோதினால் நகரமே திரளும். 1946இல் அவர்கள் ஆடிய 0–0 டிராவை இன்றைக்கும் பேசுவார்கள்.

ஆனால் 1961 வருவதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது. நியூயார்க் பல்கலைக்கழகம் 1950களின் தொடக்கத்தில் கால்பந்தைக் கைவிட்டது. 1954 சீசனோடு போர்டமும் விட்டது. கொலம்பியா இருந்தது, ஆனால் பழைய, பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீகில். அந்த லீக் கல்லூரிகள் அப்போது சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களுக்கே போனதில்லை.

மிச்சம் இருந்தது நோட்டர் டேம். அது இந்தியானா மாநிலத்துக் கல்லூரி. ஆனாலும் கத்தோலிக்கக் கல்லூரி என்பதால் நியூயார்க்கின் ஐரிஷ், இத்தாலியக் குடும்பங்கள் அதைச் சொந்த அணியாகவே வரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கல்லூரி வாசலை ஒருமுறைகூட மிதிக்காத இந்த ரசிகர்களுக்கு "சப்வே முன்னாள் மாணவர்கள்" என்றே பெயர். நோட்டர் டேம் வந்திருந்தால் மைனஸ் 10 என்ன, மைனஸ் 20இலும் ஸ்டேடியம் நிறைந்திருக்கும். ஆனால் அவர்கள் 1925க்குப் பிறகு எந்த பவுல் அழைப்பையும் ஏற்பதில்லை என்ற கொள்கையில் இருந்தார்கள். அந்தக் கொள்கை 1969 வரை நீடித்தது. ராணுவக் கல்லூரி முதன்முதலில் ஒரு பவுலில் ஆடியதே 1984இல்தான்.

பக்கத்து நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் 1961இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. ஒன்றரை மணி நேரத்தில் ரயிலில் வந்துவிடலாம். அவர்களும் கோதம் பவுலில் ஆடவில்லை. ஆடியவர்கள் டெக்சாஸிலிருந்தும் யூட்டாவிலிருந்தும் வந்தார்கள். மாணவர்களும் பெற்றோரும் அங்கிருந்து கிளம்பி வருவார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசை.

பத்திரிகைகளில் விளம்பரம் செய்யவில்லையா?

1962இல் விளம்பரம் செய்யப் பத்திரிகையே இல்லை. டிசம்பர் 8ஆம் தேதி அச்சுக்கோப்பவர்கள் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. நியூயார்க்கின் பெரிய நாளிதழ்கள் எல்லாம் நின்றுபோயின. முடிய 114 நாட்கள் ஆனது. ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், டிக்கெட் விற்க வேண்டிய நேரத்தில், ஊருக்குச் செய்தித்தாள் கிடையாது.

இது நிஜமான துரதிர்ஷ்டம். குளிரைவிட இதற்கு நான் அதிகப் பங்கு கொடுப்பேன். இருந்தாலும் ஒன்று: ஜயன்ட்ஸ் ஆட்டத்தின் போதும் அதே வேலைநிறுத்தம் நடந்துகொண்டுதான் இருந்தது. தேடி வருகிறவர்களுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. தெரியாத இரண்டு அணிகளை விற்கத்தான் பேப்பர் தேவைப்பட்டது.

பிலடெல்பியாவின் லிபர்ட்டி பவுல் மட்டும் எப்படிப் பிழைத்தது?

அங்கேயும் பிழைக்கவில்லை, ஊரை மாற்றித்தான் பிழைத்தது. ஆனால் கோதம் பவுலோடு நேரடியாக மோதிய இரண்டு ஆண்டுகளிலும் லிபர்ட்டி பவுலே ஜெயித்தது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பெரிய தனிநபர் விருது ஹைஸ்மன் கோப்பை. அதைக் கொடுப்பது நியூயார்க்கில். 1961இல் அதை வாங்கியவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் எர்னி டேவிஸ். அந்தக் கோப்பையைப் பெற்ற முதல் கறுப்பின வீரர். சிரக்யூஸ் இருப்பதும் நியூயார்க் மாநிலத்தில். கோதம் பவுலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவரோ நியூயார்க்கில் கோப்பையை வாங்கிக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போய் லிபர்ட்டி பவுலில் ஆடினார். எதிரணி மயாமி, 15–14.

அடுத்த ஆண்டு ஹைஸ்மன் வாங்கியவர் டெர்ரி பேக்கர். அவருடைய அணி ஆரகன் ஸ்டேட், 1960இல் எதிராளி கிடைக்காமல் கோதம் பவுல் கைவிட்ட அதே அணி. அவரும் போனது லிபர்ட்டி பவுலுக்கு. அதுவும் எந்த நாள் தெரியுமா? டிசம்பர் 15, 1962. யாங்கி ஸ்டேடியத்தில் நெப்ராஸ்காவும் மயாமியும் உறைந்துகொண்டிருந்த அன்று, 150 கிலோமீட்டர் தள்ளி பேக்கர் 99 யார்டு ஓடி அந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுனைப் போட்டார். ஆரகன் ஸ்டேட் 6, வில்லனோவா 0. வில்லனோவா பிலடெல்பியாவின் புறநகர்க் கல்லூரி, உள்ளூர்க் கூட்டம் வந்தது. சுமார் 17,000 பேர்.

ஆனாலும் அடுத்த ஆண்டே லிபர்ட்டி பவுலின் கூட்டம் பாதியாகிவிட்டது. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மாநாட்டு மண்டபத்துக்குள், கூரைக்குக் கீழே ஆடிப் பார்த்தார்கள். 1965இல் மூட்டை கட்டி டென்னசியின் மெம்பிஸுக்குப் போய்விட்டார்கள். இன்றும் அங்கேதான் நடக்கிறது.

கோதம் பவுல் ஆட்டங்களின் முடிவு தரவரிசையில் சேர்ந்ததா?

இல்லை. அப்போது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் கடைசித் தரவரிசையை பவுல்களுக்கு முன்பே வெளியிட்டுவிடும். மீராவின் 321 யார்டும் அவருடைய அதிகாரபூர்வ சீசன் கணக்கில் ஏறவில்லை. பவுல் புள்ளிவிவரங்கள் சேர்க்கப்பட்டது 2002இலிருந்துதான்.

ஆடிய அணிகள் பிறகு என்ன ஆயின?

நெப்ராஸ்காவுக்கு இது தலைவிதியை மாற்றிய சீசன். 1961இல் மூன்றே வெற்றிகள். 1962இல் டெவனி வந்தார், கோதம் பவுலோடு சேர்த்து ஒன்பது வெற்றிகள். அதற்கு முன் ஆடிய இரண்டு பவுல்களிலும் தோற்றிருந்தார்கள்: 1941 ரோஸ் பவுலில் ஸ்டான்போர்டிடம், 1955 ஆரஞ்சு பவுலில் டியூக்கிடம். ஆக, அந்தக் கல்லூரியின் முதல் பவுல் வெற்றி, யாரும் பார்க்காத கோதம் பவுலில் கிடைத்ததுதான். டெவனி 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். லிங்கன் ஸ்டேடியத்தில் 1962 நவம்பர் 3ஆம் தேதி டிக்கெட் முழுக்க விற்றது, அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்கிறது. அந்த வரிசை தொடங்கி ஆறே வாரத்தில்தான் அவர்கள் ஆறாயிரம் பேர் முன்னால் ஆடினார்கள்.

மயாமிக்குப் பழி தீர்க்கும் நாள் 21 ஆண்டு கழித்து வந்தது. 1984 ஜனவரியில் ஆரஞ்சு பவுல், எதிரே நெப்ராஸ்கா. 31–30. கடைசி டச்டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்து டிரா செய்யலாம் என்ற நிலையில் நெப்ராஸ்கா துணிந்து இரண்டு புள்ளிக்குப் போய்த் தவறவிட்டது. மயாமியின் முதல் தேசியப் பட்டம் அது.

அந்த ஸ்டேடியங்களை இன்று போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. போலோ கிரவுண்ட்ஸை 1964இல் இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பழைய யாங்கி ஸ்டேடியம் 2010 வரை நின்றது. அந்த இடம் இப்போது பொதுப் பூங்கா, பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள்.

நியூயார்க் அதற்குப் பிறகு முயலவே இல்லையா?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில், ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில், 1978 முதல் 1981 வரை கார்டன் ஸ்டேட் பவுல் நடந்தது. முதல் ஆட்டத்துக்கு ரட்கர்ஸையே அழைத்தார்கள், அவர்களுக்கும் அதுதான் முதல் பவுல். பாடம் படித்திருந்தார்கள். ஆனாலும் நான்கு ஆண்டுதான் தாங்கியது.

நியூயார்க் நகரத்துக்குள் மறுபடி பவுல் வந்தது 2010இல். பழைய ஸ்டேடியத்துக்குத் தெருவின் எதிரே கட்டிய புது யாங்கி ஸ்டேடியத்தில் பின்ஸ்டிரைப் பவுல். இதை நடத்துவது அந்த ஸ்டேடியத்தில் ஆடும் யாங்கிஸ் பேஸ்பால் அணியின் நிறுவனமே, அதனால் ஸ்டேடியத்துக்கு வாடகை கொடுத்துத் திண்டாட வேண்டியதில்லை. எந்தெந்த லீகிலிருந்து அணிகள் வர வேண்டும் என்பதற்கு முன்கூட்டியே ஒப்பந்தம் உண்டு, எனவே எதிராளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் பணம் இருக்கிறது, எனவே காலி இருக்கை ஆளைக் கொல்லாது. முதல் ஆட்டத்துக்குச் சிரக்யூஸை அழைத்தார்கள், 38,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

அந்த முதல் ஆட்டத்தின் முடிவைக் கேளுங்கள்: சிரக்யூஸ் 36, கான்சாஸ் ஸ்டேட் 34. நெப்ராஸ்கா–மயாமி ஆட்டத்தின் அதே எண்கள், 48 ஆண்டு கழித்து, தெருவின் எதிர்ப்பக்கம். கடைசி டச்டவுன் போட்ட கான்சாஸ் ஸ்டேட் வீரர் கூட்டத்தைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். நடுவர்கள் அதை ஒழுங்கீனம் என்று தண்டனை கொடுத்து 15 யார்டு பின்னே தள்ளினார்கள். சமன் செய்ய வேண்டிய இரண்டு புள்ளி முயற்சி அங்கேயே தோற்றது. சல்யூட்டுக்கு அது அநியாயத் தண்டனை என்பது என் கட்சி.

இப்படிக் குறுகிய காலத்தில் மறைந்த வேறு பவுல்கள் உண்டா?

நிறைய. கோதம் பவுல் முதல்முறை நடந்த அதே 1961 டிசம்பர் 9ஆம் தேதி, ரைட் சகோதரர்களின் ஊரான ஒஹையோவின் டேட்டனில் ஏவியேஷன் பவுல் நடந்தது. நியூ மெக்சிகோ 28, வெஸ்டர்ன் மிச்சிகன் 12. வந்தவர்கள் 3,694 பேர். ஒரே ஆட்டத்தோடு மூடிவிட்டார்கள். 1958இல் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் புளூகிராஸ் பவுல் நடந்தது, அதுவும் ஒரே ஆட்டம்தான்.

1984இல் மிச்சிகனின் பான்டியாக் நகரத்தில் செர்ரி பவுல் தொடங்கியது. ராணுவக் கல்லூரி முதன்முதலில் ஆடிய பவுல் என்று மேலே சொன்னது இதைத்தான். சில்வர்டோம் என்ற மூடிய ஸ்டேடியம், உள்ளே குளிரே கிடையாது. முதல் ஆண்டு ராணுவக் கல்லூரியோடு மோதியது உள்ளூர் மிச்சிகன் ஸ்டேட், கூட்டம் நன்றாக வந்தது. இரண்டாம் ஆண்டு மேரிலாந்தும் சிரக்யூஸும், இரண்டும் வெளியூர். அதோடு கடையைக் கட்டினார்கள்.

இந்தப் பட்டியலில் மெர்சி பவுலை மட்டும் தோல்வி என்று சேர்க்கக் கூடாது. 1960 அக்டோபரில் ஒஹையோவின் பௌலிங் கிரீனோடு ஆடிவிட்டுத் திரும்பிய கால் பாலி கல்லூரி அணியின் விமானம் டொலிடோவில் நொறுங்கி விழுந்தது. 22 பேர் இறந்தார்கள், அவர்களில் 16 பேர் வீரர்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்ட 1961 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இந்த ஆட்டத்தை வைத்தார்கள். ஆட வந்தவர்கள் பிரெஸ்னோ ஸ்டேட்டும், கால் பாலி கடைசியாக எதிர்த்து ஆடிய அதே பௌலிங் கிரீனும். 36–6 என்று பிரெஸ்னோ ஸ்டேட் வென்றது. முப்பதாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள்.